விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றும் உள்ள ஆபீசுக்கு பேக்கப்பிசி: ஒரு விமர்சனம்

புத்தக லேஅவுட் செய்யும் ஒரு சின்ன ஆபீசின் கம்ப்யூட்டர்களை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். கணக்கு எழுதுபவரிடம் டாலி ஓடும் விண்டோஸ், வடிவமைப்பாளர்களிடம் மேக், வெப்சைட் வேலை செய்பவர்களிடம் உபுண்டு லினக்ஸ். சாயங்காலம் அவரவர் ஃபைல்களை நகலெடுத்து வையுங்கள் என்று சொன்னால் நாலு நாள் நடக்கும். புத்தகம் அச்சுக்குப் போகிற வாரத்தில் யாருக்கும் நினைவு வராது. தொலையக்கூடாத ஃபைல் இருப்பதும் அந்த வாரத்தில்தான்.

அதனால்தான் பேக்கப்பிசி என்ற பேக்கப் மென்பொருள் எனக்குப் பிடித்திருக்கிறது. இதில் யாரும் எதையும் அனுப்ப வேண்டியதில்லை, சர்வரே ஒவ்வொரு மெஷினாகப் போய் எடுத்துக்கொள்கிறது. க்ரெய்க் பாரட் 2001இல் வெளியிட்ட இலவச மென்பொருள் இது, மூலநிரலும் திறந்தது. டெபியன் லினக்ஸ் ஓடும் சர்வரில் நேரடியாக நிறுவிவிடலாம். விண்டோஸில் பகிர்ந்த ஃபோல்டர்களை சாம்பா என்ற ஃபைல் பகிர்வு நிரல் வழியாகவும், மேக்கையும் லினக்ஸையும் ஆர்சிங்க் என்ற ஃபைல் நகலெடுக்கும் நிரல் வழியாகவும் படிக்கிறது. பேக்கப்புக்கென்று தனி மென்பொருள் எதையும் மெஷின்களில் போட வேண்டாம். மேக்கில் மட்டும், நிரல்களை நிறுவ உதவும் ஹோம்ப்ரூ மூலம் ஆர்சிங்க் 3 போட்டேன். ஆப்பிள் பல வருஷம் கூடவே கொடுத்து வந்தது 2.6.9 என்ற பழைய பதிப்பு. மேக்கின் மொஹாவே பதிப்பு முதல் 'ஃபுல் டிஸ்க் ஆக்சஸ்' அனுமதியும் தர வேண்டும், இல்லாவிட்டால் சில ஃபோல்டர்களை மேக் காட்டாது.

இடம் மிச்சமாவதுதான் பெரிய லாபம். ஒரே ஃபைல் பல மெஷினில் இருந்தாலும் சர்வரில் ஒரு பிரதிதான் இருக்கும். எங்கள் தமிழ் ஃபான்ட் ஃபோல்டர் எல்லா மெஷினிலும் உண்டு. பதிப்பகங்கள் அனுப்பும் அட்டைப் படங்களும் கைமாறிக் கைமாறி எல்லாரிடமும் கிடக்கும். அவை அத்தனையும் ஒரு தடவைதான் இடம் பிடிக்கின்றன.

நேரம் வைப்பதில்தான் கொஞ்சம் யோசிக்க வேண்டும். எப்போதும் நெட்வொர்க்கில் இருக்கும் மெஷினை, வார நாட்களில் காலை 7 முதல் இரவு 7:30 வரை தொடாமல், ராத்திரியில் பேக்கப் எடுப்பதுதான் இதன் இயல்பு. இது மெஷின்களை ராத்திரி அணைக்காத ஆபீசுக்கான கணக்கு. நம் ஊரில் ஏழு மணிக்கு எல்லாவற்றையும் அணைத்துவிட்டு மெயின் சுவிட்சையும் நிறுத்திவிட்டுத்தான் கிளம்புவார்கள். மெஷின் இருக்கிறதா என்று சர்வர் கேட்கும் பிங்குக்குத் தொடர்ந்து மூன்று முறை பதில் வராவிட்டால் அந்த மெஷின், வந்துபோகும் லேப்டாப் வகையில் சேர்ந்துவிடும். மறுநாள் காலை ஆள் வந்து உட்கார்ந்ததுமே பேக்கப் ஆரம்பமாகும். டாலி மெஷினுக்கு இது சரிப்படாது, டேட்டா திறந்திருக்கும்போது எடுக்கும் நகலை நம்ப முடியாது. நல்லவேளையாக ஒவ்வொரு மெஷினுக்கும் தனி அமைப்பு எழுதலாம். டாலி மெஷினில் மதியச் சாப்பாட்டு நேரத்தை மட்டும் திறந்துவிட்டு மற்ற நேரத்தை அடைத்திருக்கிறேன். சாப்பிடப் போகுமுன் டாலியை மூடிவிட்டுப் போவார்கள், அவ்வளவுதான்.

விண்டோஸ் பற்றி ஒரு எச்சரிக்கை. எக்ஸ்பி காலத்துக் குறிப்புகளைப் பார்த்து, விண்டோஸ் ஃபைல் பகிர்வு முறையின் பழைய பதிப்பான எஸ்எம்பி 1ஐ இயக்கிவிடாதீர்கள். 2017இல் வானாக்ரை என்ற ரான்சம்வேர் (ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் நிரல்) பரவியது அதில் இருந்த ஓட்டை வழியாகத்தான். இப்போதைய சாம்பா எஸ்எம்பியின் புதிய பதிப்புகளையே பேசும். பேக்கப்புக்கென்று தனிப் பயனர் கணக்கு, படிக்க மட்டும் அனுமதி, இது போதும். எந்த மெஷினிடமும் சர்வரின் கடவுச்சொல் இல்லாததால், ஒன்றில் ரான்சம்வேர் புகுந்தாலும் பழைய நகல்களைத் தொட அதற்கு வழியில்லை. ஆனால் எல்லா மெஷினின் சாவியும் சர்வரில் இருக்கிறது. அந்தப் பெட்டியை யாரும் கை வைக்காத இடத்தில் வையுங்கள்.

மீட்டெடுப்பது சுலபம். பிரவுசரில் ஃபோல்டரைத் திறந்து 'ஹிஸ்டரி'யை அழுத்தினால், ஒரு ஃபைல் எந்தெந்தத் தேதியில் மாறியது என்று வரிசையாகத் தெரியும். வேண்டியதை ஜிப்பாக இறக்கிக்கொள்ளலாம். ஆசிரியர் வெட்டச் சொன்ன அத்தியாயத்தை, அடுத்த வாரமே திரும்பச் சேர்க்கச் சொல்லும்போது இதன் அருமை தெரியும்.

தமிழில் ஃபைல் பெயர் வைப்பவர்களுக்கு ஒரு விஷயம். எச்எஃப்எஸ் ப்ளஸ் என்ற பழைய ஃபைல் அமைப்புள்ள டிஸ்க்கில் மேக் 'தொகுதி' என்ற பெயரை எழுதும்போது, ஒகரக் குறியை ஒற்றைக்கொம்பு, கால் என்று இரண்டாகப் பிரித்துச் சேமிக்கும். பேக்கப்பிசி அதை அப்படியே வைத்துக்கொள்கிறது. மேக்குக்கே திருப்பினால் பிரச்சினை இல்லை. உபுண்டுவில் இறக்கினால் பெயர் கண்ணுக்கு அதேதான், ஆனால் தட்டச்சு செய்து தேடினால் சிக்காது. ஆர்சிங்கில் எழுத்துக் குறியாக்கத்தை மாற்றும் ஐகான்வ் வசதியால் சரிசெய்யலாம்.

குறைகளும் உண்டு. சாம்பா வழியில், வேறு நிரல் பூட்டி வைத்திருக்கும் ஃபைலைப் படிக்காது. திறந்திருக்கும் அவுட்லுக்கின் பிஎஸ்டி என்ற மெயில் ஃபைல் அப்படித்தான் விடுபடும். முழு விண்டோஸையும் அப்படியே ஒரே நகலாக (இமேஜ்) எடுக்காது, டிஸ்க் போனால் விண்டோஸைப் புதிதாகப் போட்டுத்தான் ஃபைல்களை இறக்க வேண்டும். லினக்ஸ் கை பழகிய ஒருவர் ஆபீசில் இல்லையென்றால் இதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

புதிதாகப் போடுபவர்கள் நான்காம் பதிப்பையே போடுங்கள். மூன்றாம் பதிப்பு லட்சக்கணக்கான ஹார்ட் லிங்க்குகளை (ஒரே ஃபைலுக்குப் பல பெயர்கள்) வைத்திருந்ததால், மொத்தக் கிடங்கையும் இன்னொரு டிஸ்க்குக்கு நகலெடுப்பது பெரும்பாடு. 2017இல் வந்த நான்காம் பதிப்பில் அந்த முறை இல்லை, பழைய பேக்கப்புகளையும் அது படிக்கும். அதனால் சனிக்கிழமை தோறும் ஒரு வெளி டிஸ்க்கில் நகலெடுத்து முதலாளி வீட்டுக்குக் கொடுத்தனுப்ப முடிகிறது.