மதர்போர்டை வாரண்டிக்குக் கொடுக்கப் போகிறீர்களா? முதலில் இதைப் படியுங்கள்

வாரண்டியில் இருக்கும் கணினி மதர்போர்டை சர்வீஸ் சென்டரில் கொடுக்கும்போது, பிராசஸர் உட்காரும் இடமான சாக்கெட் எப்படி இருந்தது என்பதற்கு உங்கள் கையில் ஆதாரம் வேண்டும். அவர்கள் எழுதித் தர மாட்டார்கள். பிறகு சாக்கெட்டில் உள்ள ‘பின்’ எனும் மெல்லிய உலோக ஊசி வளைந்திருக்கிறது என்று சொல்லி, பழியை உங்கள் தலையில் கட்டிவிடுவார்கள். எனக்கு நடந்தது இதுதான்.

கோவையில் திருமண ஆல்பம் வடிவமைப்பது என் தொழில். மூன்று வருட வாரண்டியோடு வாங்கிய போர்டு, இரண்டாவது வருடத்தில் தகராறு செய்ய ஆரம்பித்தது. முதலில் இன்டர்நெட் கேபிள் செருகும் லேன் போர்ட் போனது. அப்புறம் பின்பக்க யூஎஸ்பி போர்ட்கள் ஒவ்வொன்றாகப் போயின. தை முகூர்த்தங்கள் நெருங்கிக்கொண்டிருந்த நேரம் அது. வாங்கிய கடைக்கார அண்ணன் என் பிராசஸரையும் ராமையும் வேறொரு போர்டில் போட்டுக் காட்டினார். எல்லாம் ஒழுங்காக ஓடின. "கோளாறு போர்டுலதான் தம்பி. கம்பெனி சர்வீஸ் சென்டர்லயே நேரா குடுத்துருங்க" என்றார்.

இங்கே ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். இன்டெல் டெஸ்க்டாப் பிராசஸர்களின் அடியில் பல வருடங்களாகவே பின் கிடையாது, தட்டையான தொடுபுள்ளிகள்தான். பின்கள் போர்டின் சாக்கெட்டில் இருக்கின்றன. என்னுடையது எல்ஜிஏ 1700 வகைச் சாக்கெட், அதாவது அந்தச் சின்னச் சதுரத்துக்குள் 1700 பின்கள். ஏஎம்டியும் 2022-இல் வந்த ஏஎம்5 சாக்கெட்டிலிருந்து இந்த முறைக்கு மாறிவிட்டது. விரல் நுனி பட்டாலே வளையக்கூடிய பின்கள் இவை. அதனால்தான் போர்டோடு வரும் பிளாஸ்டிக் மூடியைப் போட்டுத்தான் திருப்பித் தர வேண்டும் என்று சில கம்பெனிகள் கையேட்டிலேயே எழுதியிருக்கின்றன. அந்த மூடியைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள்.

நான் மூடியோடுதான் கொண்டுபோனேன். கவுண்டரில் இருந்த பையன் மூடியைத் திறந்து, லென்ஸ் வைத்துப் பார்த்து, "பின் எல்லாம் நல்லா இருக்குங்க சார்" என்றான். சரி, அதையே ஜாப் ஷீட்டில் (பொருளைப் பெற்றுக்கொண்டு தரும் சீட்டு) எழுதித் தாருங்கள் என்றேன். "சிஸ்டத்துல அதுக்கு இடமே இல்லைங்க" என்றான். ஜாப் ஷீட்டின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது: பொருளின் நிலை பிறகு நடக்கும் ஆய்வுக்கு உட்பட்டது. முழுச் சிக்கலும் இந்த வரிக்குள்தான் இருக்கிறது. கவுண்டரில் பார்த்ததற்கு மதிப்பில்லை. நீங்கள் இல்லாத இடத்தில் யாரோ பார்த்துச் சொல்வதற்கு மட்டும் மதிப்பு.

அங்கேயே நின்று சாக்கெட்டையும் சீரியல் நம்பர் ஸ்டிக்கரையும் ஒரே படத்தில் வருமாறு போனில் எடுத்தேன். ஜாப் ஷீட் எண்ணைக் குறிப்பிட்டு, கம்பெனியின் சப்போர்ட் மின்னஞ்சலுக்கு அனுப்பிவிட்டுத்தான் வெளியே வந்தேன்.

வாரக்கணக்கில் பதில் இல்லை. பிறகு ஒரே வரியில் மெயில் வந்தது: சாக்கெட் பின் வளைவு, வாடிக்கையாளரால் ஏற்பட்ட சேதம், வாரண்டி பொருந்தாது. படம் கேட்டேன். அனுப்பினார்கள். அதில் சாக்கெட் மட்டும் பெரிதாக இருந்தது, சீரியல் நம்பர் எங்கும் இல்லை. அது என் போர்டுதானா என்றே யாராலும் சொல்ல முடியாது. என் போர்டில் லேன் சிப் இணைந்திருப்பது பிராசஸரோடு நேராக அல்ல, போர்டிலேயே இருக்கும் சிப்செட் என்ற தனிச் சிப்போடு. பிராசஸர் சாக்கெட்டின் ஓரத்தில் ஒரு பின் வளைந்தால் லேன் எப்படிச் சாகும் என்று கேட்டேன். அதற்கு இன்றுவரை பதில் இல்லை. கட்டணம் கட்டினால் பழுது பார்த்துத் தருகிறோம் என்று மட்டும் போனில் சொன்னார்கள். கோபத்தை விட வருத்தம்தான் அதிகமாக வந்தது. வாரண்டி என்று அட்டைப்பெட்டியில் அச்சடித்திருந்ததை நம்பித்தான் மற்றதை விட விலை கூடிய போர்டை வாங்கினேன்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுத்தேன். கம்பெனி அங்கேயும் அந்த ஒரு வரியையே ஒட்டிவிட்டுப் புகாரை முடிக்கச் சொல்லிவிட்டது. பலர் இத்தோடு விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள். 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, கம்பெனியின் தலைமையகம் எந்த ஊரில் இருந்தாலும் நாம் வசிக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமே இல்லை. பிரச்சினை எழுந்ததிலிருந்து 2 வருடத்துக்குள் போட வேண்டும். நுகர்வோர் வழக்குகளுக்கான அரசின் இ-ஜாக்ரிதி தளத்தில் ஆன்லைனிலேயே பதியலாம்.

தொழிலுக்கு வாங்கியதால் நீங்கள் நுகர்வோரே இல்லை என்று கம்பெனித் தரப்பு வாதிடக்கூடும். பயந்துவிட வேண்டாம். சுயதொழில் செய்து பிழைப்பதற்காக வாங்கி, தானே பயன்படுத்துகிறவர் நுகர்வோர்தான் என்று அதே சட்டத்தின் விளக்கத்தில் இருக்கிறது. என்னைப் போன்ற டிசைனர்கள், வீடியோ எடிட்டர்கள், டிடிபி சென்டர் வைத்திருப்பவர்கள் இதைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

நான் வழக்குப் பதிந்துவிட்டேன். பில், ஜாப் ஷீட், அவர்கள் அனுப்பிய சீரியல் நம்பர் இல்லாத படம், கவுண்டரில் நின்று நான் அனுப்பிய மெயில் எல்லாவற்றையும் இணைத்திருக்கிறேன். எனக்கு வந்ததைப் போல உங்களுக்கும் நிராகரிப்பு மெயில் வந்திருந்தால், போர்டைத் திரும்ப வாங்கும்போது அட்டைப்பெட்டியைக் கவுண்டரிலேயே பிரித்து, சீரியல் நம்பர் ஜாப் ஷீட்டோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.