இரட்டைப் பிணைப்பில் ஹைட்ரஜன் ஏற்ற எது: பலேடியம் கரியா, வில்கின்சன் வினையூக்கியா?

1912ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசை இரண்டு பிரெஞ்சுக்காரர்கள் பகிர்ந்துகொண்டார்கள். மக்னீசியத்தைக் கொண்டு கரிம உலோகச் சேர்மங்கள் செய்த விக்டர் கிரிக்னார்டு ஒருவர். நிக்கல் தூளின் மேல் ஹைட்ரஜனேற்றம் நடத்திக் காட்டிய பால் சபாட்டியே மற்றவர். உலோகப் பரப்பு, கரிம உலோகச் சேர்மம் என்ற அந்த இரு வழிகளும் இன்று ஒரே வேலைக்குப் போட்டியிடுகின்றன. ஆல்கீனில், அதாவது கார்பன்களுக்கிடையே இரட்டைப் பிணைப்புள்ள சேர்மத்தில், ஹைட்ரஜனை ஏற்ற, கரித்தூளில் படியவைத்த பலேடியத்தை எடுப்பதா, கரைசலில் கரையும் ரோடியம் அணைவான (உலோக அணுவைச் சுற்றிப் பிற தொகுதிகள் பிணைந்த சேர்மம்) வில்கின்சன் வினையூக்கியை எடுப்பதா?

கரையும் அணைவு பிற்காலத்தில் வந்தது, ஆகவே மேலானது என்ற பேச்சை நான் ஏற்பதில்லை. மூலக்கூறில் ஹைட்ரஜன் ஏறக்கூடிய இடம் ஒன்றே ஒன்றுதான் என்றால் பலேடியம் கரியே போதும். வேகமாக முடிக்கும், வடிகட்டினால் பெரும்பகுதி பிரிந்துவிடும். ரோடியம் அணைவையோ விளைபொருளிலிருந்து பிரித்தெடுப்பதே தனி வேலை.

இடங்கள் இரண்டு மூன்று இருக்கும்போதுதான் பரப்பின் குணம் தெரியவரும். உலோகத்தின் மேல் ஹைட்ரஜன் மூலக்கூறு பிளந்து அணுக்களாகப் பரவுகிறது. ஆல்கீன் வந்து ஒட்டுகிறது. முதல் ஹைட்ரஜன் ஏறுகிறது. ஹொரியுட்டியும் பொலான்யியும் 1934இல் விளக்கிய இந்தப் பாதிநிலையிலிருந்து வினை பின்னோக்கியும் போகலாம். அந்த நேரத்தில் அங்கே இருப்பது ஒற்றைப் பிணைப்பு. அது தாராளமாகச் சுழலும். உலோகம் ஒரு ஹைட்ரஜனைத் திரும்பப் பிடுங்கினால் இரட்டைப் பிணைப்பு மீண்டும் உருவாகும், ஆனால் இடம் மாறியோ, தொகுதிகள் எதிரெதிர்ப் பக்கம் நிற்கும் டிரான்ஸ் வடிவிலோ. தாவர எண்ணெயை நிக்கலைக் கொண்டு அரைகுறையாக ஹைட்ரஜனேற்றும்போது டிரான்ஸ் கொழுப்பு உண்டாவது இப்படித்தான்.

வில்கின்சன் வினையூக்கியில் ரோடியத்தைச் சுற்றி மூன்று டிரைபினைல்பாஸ்பீன் (பாஸ்பரஸ் கொண்ட பருமனான மூலக்கூறு, சுருக்கமாகப் பாஸ்பீன்), ஒரு குளோரின். செந்நிறமான அதன் கரைசலில் ஹைட்ரஜனைச் செலுத்தினால் நிறம் மஞ்சளாக வெளிறும்: ஹைட்ரஜன் பிளந்து இரு அணுக்களும் ரோடியத்தில் அமர்ந்துவிட்டன என்பதற்கு அதுவே அடையாளம். ஒரு பாஸ்பீன் விலகி விட்ட இடத்தில் ஆல்கீன் நுழைகிறது. இரண்டு ஹைட்ரஜன்களும் ஒரே பக்கமாக அடுத்தடுத்து ஏறிவிடுவதால் பின்னோக்கிப் போக நேரமே கிடைப்பதில்லை. ஹைட்ரஜனின் கனமான வடிவமான டியூட்டிரியத்தை வைத்துச் செய்தால் இரண்டு டியூட்டிரியமும் பெரும்பாலும் சிதறாமல் அந்த இரு கார்பன்களிலேயே நிற்கும். இதெல்லாம் சாதாரண வெப்பநிலையிலும் அழுத்தத்திலுமே நடக்கிறது என்பது எனக்கு இன்றும் வியப்புதான்.

பருமனான பாஸ்பீன்கள் நெருக்குவதால் நெரிசலற்ற ஆல்கீனுக்கே முதலிடம். கார்வோனில் வளையத்துக்குள் ஓர் இரட்டைப் பிணைப்பு, பக்கக் கிளையில் இன்னொன்று, கூடவே கீட்டோன். வில்கின்சன் வினையூக்கி பக்கக் கிளையை மட்டும் நிரப்பிவிட்டு மற்றவற்றை விட்டுவிடுகிறது. பலேடியம் கரியை அந்த இடத்தில் நிறுத்துவது கடினம். நைட்ரோ தொகுதி இருந்தால் அதையும் அமீனாக்கிவிடும். ஒன்றுக்கொன்று கண்ணாடி பிம்பமான இரு வடிவங்களில் ஒளிசுழற்சி உள்ள ஒன்று மட்டும் வேண்டுமென்றால் போட்டியே கிடையாது: பாஸ்பீனைக் கைரலாக, அதாவது இடக்கை வலக்கை போல் வேறுபடும் வடிவமாக, மாற்றி, பார்க்கின்சன் நோய் மருந்தான எல்-டோபா தயாரிக்க வழி செய்த வேதியியலாளர் நோல்ஸ் 2001இல் நோபல் பெற்றார்.

பரப்பையும் அடக்கி வைக்க முடியும். பலேடியத்துக்கு ஈயத்தால் நச்சூட்டும் லிண்ட்லர் வினையூக்கி, மும்மைப் பிணைப்புள்ள ஆல்கைனை, தொகுதிகள் ஒரே பக்கம் நிற்கும் சிஸ் ஆல்கீனோடு நிறுத்துகிறது.

இருவருக்கும் ஆகாதவை உண்டு. கந்தகச் சேர்மமான தயோல் கலந்தால் பலேடியம் செயலிழக்கும். ஆல்டிஹைடு இருந்தால் ரோடியம் அதிலிருந்து கார்பன் மோனாக்சைடைப் பிடுங்கிக் கார்போனைல் அணைவாக முடங்கலாம். பாதுகாப்பில் பலேடியம் கரியிடம்தான் கூடுதல் கவனம் வேண்டும்: ஹைட்ரஜனை ஏந்திய தூளை வடிதாளில் உலரவிட்டால் கரைப்பானாகப் பயன்படும் மெத்தனாலின் ஆவியோடு தீப்பற்றும். ஈரமாகவே வைத்திருங்கள்.

கரைசலில் போட்ட அணைவு சிதைந்து நுண்ணிய உலோகத் துகள்களாகி, வேலையை அவையே செய்துகொண்டிருக்கவும் கூடும். ஒரு துளி பாதரசம் சேர்த்துப் பார்ப்பது பழைய சோதனை: உலோகப் பரப்பைப் பாதரசம் மூடிவிடும், வினை நின்றுபோகும். சில அணைவுகளோடு பாதரசமே வினைபுரிவதால் இதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. வினை வேகத்தையும் அளந்து பாருங்கள். தொடக்கத்தில் மந்தமாக இருந்து பிறகு திடீரென வேகமெடுத்தால், துகள்கள் உருவாகின்றனவா என்று சந்தேகிக்கலாம்.