மஞ்சள் தூளா, எபொக்ஸியா, புது ரேடியேட்டரா?

தலவாக்கலையில் எங்கள் வீட்டு முற்றம் சரிவானது. ஒரு நாள் காலையில் வண்டியின் மூக்குப் பக்கத்திலிருந்து வாசல்படி வரை பச்சை நிறத்தில் மெல்லிய கோடு ஒன்று ஓடியிருந்தது. தொட்டுப் பார்த்தேன். வழுவழுப்பு, லேசான இனிப்பு வாசம். இயந்திரத்தைக் குளிர்விக்கும் கூலன்ட் ஒழுகுகிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

வண்டி ஒரு யூனோஸ் ரோட்ஸ்டர். மஸ்டா எம்எக்ஸ்-5 ஜப்பானில் அந்தப் பெயரில்தான் விற்றது. 1,600 சிசி, இரண்டு இருக்கை. 1989இல் வந்த ரகம் என்பதால் பிளாஸ்டிக்குக்கும் ரப்பருக்கும் வயதாகிவிட்டது, அதில் யாரையும் குறை சொல்ல முடியாது. பக்கத்து வீட்டு அண்ணன், கூலன்ட் ஆறும் ரேடியேட்டரில் மஞ்சள் தூள் போடச் சொன்னார். மச்சான் எபொக்ஸிப் பசை என்றான். கராஜ் பாஸோ, "ரேடியேட்டரையே மாத்திடுங்க தம்பி" என்றார். மூன்றுக்கும் ஆள் இருக்கிறது, மூன்றையும் செய்து பார்த்த ஆள்தான் குறைவு. நான் இரண்டரையைப் பார்த்துவிட்டேன்.

முதலில் மலைநாட்டுக் கணக்கு. நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 94 பாகை அளவிலேயே கொதித்துவிடும். சூடேறியதும் ரேடியேட்டருக்கு வழி விடும் வால்வு, இந்த இயந்திரத்தின் தெர்மோஸ்டாட், திறப்பதோ 88 பாகை வாக்கில். நடுவில் ஆறு பாகைதான் இடைவெளி. ரேடியேட்டர் மூடி 0.9 பார், அதாவது 13 பிஎஸ்ஐ அமுக்கத்தைப் பிடித்து வைப்பதால்தான் வெறும் தண்ணீர்கூட அந்த உயரத்தில் 115 பாகை வரை தாங்குகிறது. ஆகவே ஒழுக்கு என்பது தண்ணீர் குறைவதோடு நிற்பதில்லை. ஊசித் துவாரம் வழியாக அமுக்கம் போனாலே இறம்பொடை ஏற்றத்தில் கொதித்துவிடும். எந்த வைத்தியத்தையும் நான் அளப்பது இதை வைத்துத்தான்: அமுக்கத்தைப் பிடிக்கிறதா?

பழைய லொறிக்காரர்கள் ஒழுகும் ரேடியேட்டரின் மூடியைத் தளர்த்திவிட்டு ஓட்டுவார்கள். அமுக்கம் ஏறாவிட்டால் ஒழுக்கும் குறையும். நுவரெலியாவிலிருந்து கீழே இறங்கும்போது இயந்திரத்துக்குச் சுமை இல்லை, அந்தத் தந்திரம் ஓடும். அதை நம்பி மேலே ஏறினால் தெருவோரத்தில் நிற்க வேண்டியதுதான்.

மஞ்சள் தூளும் கடையில் போத்தலில் விற்கும் சீலரும் ஒரே சாதி. மிதந்து போய் துவாரத்தில் சிக்கி அடைக்கும். பத்து நிமிட வேலை, செலவும் பெரிதில்லை. ரேடியேட்டர் குழாயில் ஊசித் துவாரம் என்றால் நிஜமாகவே நின்றுவிடும். ஆனால் துவாரம் எது, குறுகலான குழாய் எது என்று அந்தத் தூளுக்குத் தெரியாது. ஹீட்டருக்குள் இருக்கும் மெல்லிய குழாய்களில்தான் முதலில் போய்ப் படியும். கொழும்பில் ஹீட்டரை யார் போடுகிறார்கள்? இங்கே தை மாதத்தில் துகள் பனி விழுகிற காலையில் முன் கண்ணாடியில் படியும் ஆவியை விரட்ட அதுதான் வேண்டும். எங்கள் வண்டியில் ஒழுக்கு நின்றது. ஹீட்டரும் வெதுவெதுப்போடு நின்றது. இரண்டு வாரத்தில் ஒழுக்கு மட்டும் திரும்பி வந்தது. இரவில் கினிகத்தேனைக்கு அப்பால் மாட்டிக்கொண்டால் நானும் சீலரை ஊற்றுவேன், மறுநாளே முழுவதையும் கழுவி வெளியே விடுவேன். வீட்டு முற்றத்தில் நிற்கும் வண்டிக்கு வேண்டவே வேண்டாம்.

எபொக்ஸி அதைவிட நேர்மையான வைத்தியம், குறைந்தது வெளியிலேயே நிற்கிறது. எங்களுக்கு ரேடியேட்டரின் மேல் பிளாஸ்டிக் தொட்டியில் முடி போல ஒரு வெடிப்பு. மச்சான் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, எண்ணெய்ப் பசை போகத் துடைத்து, இரண்டு குழாய்ப் பசையையும் குழைத்து அழகாகப் பூசினான். இரண்டு சிக்கல். அந்தத் தொட்டி நைலோன் வகை, அதில் எபொக்ஸி சரியாகப் பிடிக்காது. அதோடு குளிர் இரவில் பசை இறுகவும் நேரம் எடுக்கும். பெட்டியில் ஒரு நாள் என்று போட்டிருந்தால் இங்கே இரண்டு நாள் விட வேண்டும். விட்டோம். நானுஓயா வரை சமத்தாகப் போனது. மூன்றாவது பயணத்தில் ஓரம் உரிந்துகொண்டு வந்துவிட்டது. சூட்டில் தொட்டி விரிகிற அளவும் இறுகிய பசை விரிகிற அளவும் ஒன்றல்ல.

மிஞ்சியது மாற்றுவது. அதிலும் இரண்டு வழி. கொழும்பு பஞ்சிகாவத்தையில் கழற்றிய ரேடியேட்டர் தேடலாம். விலை குறைவு, அளவு அச்சாகப் பொருந்தும். ஆனால் அதன் தொட்டியும் நம்முடையதன் வயதுதான். வாங்கினால் நிறத்தைப் பாருங்கள்: கறுப்பாக இருக்க வேண்டிய பிளாஸ்டிக் பச்சையும் பழுப்புமாக மாறியிருந்தால் அடுத்த வெடிப்பு அங்கே காத்திருக்கிறது. தொட்டி உட்பட முழுவதும் அலுமினியமான புதியது வாங்கினால் பணம் கடிக்கும். நான் அதையே வாங்கினேன். வேலை கடினமில்லை: ஆறிய வண்டியில் கீழே திருகைத் திறந்து வடிப்பது, மேலும் கீழும் ஹோஸ், விசிறி வயர், மேலே இரண்டு பிடி. தானியங்கி கியர் வண்டி என்றால் எண்ணெய்க் குழாய் இரண்டும் சேரும். நிதானமாகச் செய்தால் ஒரு சனிக்கிழமைக் காலை. வடித்த கூலன்டை மூடி வையுங்கள். இனிப்பாக இருப்பதால் நாய் நக்கும், நக்கினால் உயிருக்கே ஆபத்து.

ஆனால் எதையும் வாங்குவதற்கு முன் ஒழுகும் இடத்தைப் பிடிக்க வேண்டும். கராஜில் அமுக்கம் பார்க்கும் கைப்பம்பை இரவல் வாங்கி, மூடியின் அளவைத் தாண்டாமல் அடித்து, கால் மணி நேரம் முள் இறங்குகிறதா என்று கவனியுங்கள். பம்ப் கிடைக்காவிட்டால் இரவில் வண்டிக்கு அடியில் கார்ட்போர்ட் விரிப்பது. முற்றம் சரிவாக இருந்தால் சொட்டு விழும் இடமும் ஒழுகும் இடமும் வேறு வேறு, எங்களை அது ஒரு நாள் ஏமாற்றியது.

இயந்திரத்துக்குப் பின்னால், சுவர் ஓரமாக ஹீட்டர் ஹோஸ் ஒழுகினால் கதை வேறு. இரண்டு ஹோஸையும் ஒன்றோடொன்று இணைத்து ஹீட்டரை விலக்கிவிடலாம், தாழ்நிலத்தில் அது நிரந்தரத் தீர்வாகவே நடக்கிறது. இங்கே நான் ஹோஸை மாற்றச் சொல்வேன், கை நுழையாமல் முழங்கை சிராய்ந்தாலும். கிளிப்பில் எனக்கு ஸ்பிரிங் வகைதான் பிடிக்கும். ரப்பர் சுருங்கும்போது அதுவும் கூடவே இறுகும். திருகு கிளிப் போட்ட வண்டிகள் குளிர் காலையில் சொட்டுவதையும், அதற்காக இன்னும் இறுக்கி ரப்பரை வெட்டுவதையும் நிறையப் பார்த்தாகிவிட்டது.

தண்ணீர்ப் பம்பில் ஒழுக்கு என்றால் பாஸிடம் கொடுத்துவிடுங்கள். டைமிங் பெல்ட்டைக் கழற்றாமல் அந்தப் பம்ப் வெளியே வராது. வந்ததுதான் வந்தது, பெல்ட்டையும் அப்போதே மாற்றிவிடுவது நல்லது.

கடைசியில் காற்று வெளியேற்றுவது. சரிவான முற்றம் இங்கே உதவிக்கு வருகிறது. மூக்கு மேலே இருக்குமாறு நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைத்து, ஆறிய நிலையிலேயே மூடியைத் திறந்து, ஹீட்டரைச் சூடு பக்கம் முழுக்கத் திருப்பி, கூலன்டும் காய்ச்சி வடித்த நீரும் பாதிக்குப் பாதி கலந்து மெதுவாக ஊற்றினோம். மொத்தம் ஆறு லீற்றர் போல பிடிக்கும். நின்ற இடத்திலேயே இயந்திரத்தை ஓடவிட்டு மேல் ஹோஸை விரலால் பிசைந்தால் குமிழ் குமிழாக வரும், வரவர நிரப்ப வேண்டும். குமிழ் நின்றதும் மூடினோம். இரண்டு முறை நானுஓயா போய் வந்து, இரவு முழுக்க ஆறவிட்டு, காலையில் சேமிப்புத் தொட்டியைப் பார்த்தபோது மட்டம் ஒரு விரற்கடை இறங்கியிருந்தது. உள்ளே மிச்சமிருந்த காற்று. அதை நிரப்பியபின் இறங்கவில்லை.