பழைய குயில்ட் விற்க எது தோது: ஆண்டிக் மால் பூத்தா, எட்ஸியா, சந்தையா?

போன மாதம் ஆண்டிக் மாலில் (பழம்பொருள் அங்காடி) என் பூத்தின் வாடகை ஒப்பந்தத்தை இன்னும் ஆறு மாதத்துக்கு நீட்டிக் கையெழுத்துப் போட்டேன். அதே வாரம் எட்ஸி என்ற ஆன்லைன் விற்பனைத் தளத்தில் என் கடையில் மிச்சமிருந்த மூன்று குயில்ட்களையும் (துண்டுத் துணிகளை இணைத்து, உள்ளே பஞ்சு வைத்துத் தைத்த போர்வைகள்) எடுத்துவிட்டேன். கொலம்பஸில் இருக்கும் தோழி ஒருத்தி, "என்னக்கா, ஊரே கடையை மூடிட்டு ஆன்லைனுக்குப் போகுது, நீங்க மட்டும் தலைகீழா?" என்றாள். அவளுக்குச் சொன்ன பதிலைத்தான் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

முதலில் சரக்கைப் பற்றி. அமெரிக்காவின் ஓஹாயோ மாநிலத்தில் எஸ்டேட் சேல் (ஒரு வீட்டுச் சாமான்களை மொத்தமாக விற்றுத் தீர்ப்பது), ஏலம் என்று அலைந்து, கிழிந்தும் நைந்தும் கிடக்கும் குயில்ட்களை வாங்கித் துவைத்து, ஒட்டுப்போட்டு விற்கிறேன். பெரும்பாலும் 1930, 40-களில் தைத்தவை. அப்போது கோழித்தீவனமும் மாவும் பூப்போட்ட பருத்திச் சாக்குகளில் வந்தன. பெண்கள் சாக்கைப் பிரித்து உடுப்பு தைத்தார்கள், மிஞ்சிய துண்டுகளில் குயில்ட் தைத்தார்கள். பழம்புடவைகளை அடுக்கித் தைத்துப் பேரப்பிள்ளைகளுக்கு விரித்த என் பாட்டிக்கு இதை யாரும் விளக்க வேண்டியிருந்திருக்காது. இனி தேறாது என்ற நிலையில் உள்ளவற்றை இங்கே 'கட்டர்' என்பார்கள். அதில் நல்ல பகுதியை வெட்டி கிறிஸ்துமஸ் காலுறை, பின்குஷன் (ஊசி குத்தி வைக்கும் குட்டி மெத்தை), தலையணை உறை செய்வேன்.

ஆண்டிக் மால் என்றால் பெரிய கட்டடம் ஒன்றை அறை அறையாகத் தடுத்து வியாபாரிகளுக்கு வாடகைக்கு விடுவது. நாம் சரக்கை அடுக்கிவிட்டு வீட்டுக்கு வந்துவிடலாம். வாசலில் எல்லோருக்கும் பொதுவாக ஒரே கல்லா. டேகில் இருக்கும் நம் எண்ணைப் பார்த்து யார் கணக்கு என்று பதிந்துகொள்வார்கள். விற்பனை வரியையும் அவர்களே பார்த்துக்கொள்கிறார்கள். மாத முடிவில் கமிஷன் போக மீதி நமக்கு. என் பூத் பத்துக்கு எட்டு அடி. மாதம் 160 டாலர் வாடகை, 10 சதவீதம் கமிஷன், வாங்குபவர் வங்கி அட்டையில் கட்டினால் அதற்கு ஒரு 3 சதவீதம்.

சந்தையைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். ஸ்பிரிங்ஃபீல்டில் மே மாதமும் செப்டம்பரிலும் பெரிய பழம்பொருள் சந்தை கூடும். இரண்டு முறைதான் கடை போட்டேன். காலுறைகள் பறந்தன. குயில்ட்டைப் பார்த்தவர்கள் "ஒரு சுற்று சுற்றிவிட்டு வருகிறோம்" என்று போனார்கள், போனவர்கள் போனவர்கள்தான். இரண்டாம் முறை மதியம் மழை பிடித்துக்கொண்டது. எண்பது வருஷத்துச் சிவப்புச் சாயம் கொண்ட துணியோடு கூடாரத்துக்குள் நின்றால் நெஞ்சு எப்படி அடித்துக்கொள்ளும் என்று எனக்குத் தெரியும். பலருக்குச் சந்தை நன்றாக ஓடுகிறது. இரண்டே தடவை போனவள் சொல்வதை வைத்து யாரும் முடிவெடுக்க வேண்டாம்.

நிஜமான போட்டி எட்ஸிக்கும் பூத்துக்கும்தான். கட்டணத்தை மட்டும் பார்த்தால் எட்ஸி ஜெயிக்கும், அதை மறைத்துப் பயனில்லை. 180 டாலர் குயில்ட், தபாலுக்கு 22 டாலர் என்று வையுங்கள். லிஸ்டிங் (படமும் விவரமும் போட்ட விற்பனைப் பக்கம்) போட 20 சென்ட். விற்றால் 6.5 சதவீதம் (தபால் காசுக்கும் சேர்த்து!). பணம் கைமாற 3 சதவீதமும் 25 சென்ட்டும். எல்லாம் கூட்டினால் ஏறக்குறைய 20 டாலர். எட்ஸி வெளியே செய்யும் விளம்பரம் வழியாக வாங்குபவர் வந்தால் மட்டும் இன்னும் ஒரு பங்கு போகும். அதே குயில்ட் பூத்தில் அட்டைக்கு விற்றால் 23 டாலர் 40 சென்ட் போகிறது. அதற்குமேல் வாடகை. ஜனவரி, பிப்ரவரியில் பனி கொட்டும்போது மாலில் ஈ காக்கை இருக்காது, வாடகை மட்டும் தவறாமல் வரும். இந்த வருஷம் பிப்ரவரியில் கைக்காசு போட்டுத்தான் கட்டினேன்.

பிறகு ஏன் பூத்? குயில்ட் ஒற்றைப் பொருள். ஒன்று போல இன்னொன்று கிடையாது. என் கணக்கை மாற்றியது இந்த ஒரு விஷயம்தான்.

மெழுகுவத்தி செய்பவர் ஒரு முறை படம் எடுத்து, ஒரு முறை விவரம் எழுதி, அதே லிஸ்டிங்கில் இருநூறு விற்கலாம். எனக்கு ஒவ்வொன்றுக்கும் அ-விலிருந்து ஆரம்பம். போன வருஷம் 'டபுள் வெட்டிங் ரிங்' ஒன்றை ஏற்றினேன். வளையம் வளையமாகக் கோத்த வடிவம், ஓரமும் நேராக இருக்காமல் வளைந்து வளைந்து போகும். வெயில் நேராக விழாத நேரம் பார்த்துக் கொடியில் போட்டு முழுப்படம். முன்புறம், பின்புறம். நான்கு மூலை. பழுப்புக் கறை மூன்று இடத்தில், ஒவ்வொன்றின் பக்கத்திலும் அளவுகோல் வைத்து ஒரு படம். நான் ஒட்டுப்போட்ட பதினோரு துண்டுகள், தனித்தனியாக. வளைந்த ஓரத்தில் பைண்டிங் துணி நைந்திருந்ததற்குக் கிட்டத்தில் இரண்டு. வாங்குபவர் தொட்டுப் பார்க்க முடியாதே, அதனால் அவர் கைக்கும் மூக்கிற்கும் பதிலாக நான் எழுதியாக வேண்டும்: உள்ளே பஞ்சு கட்டி தட்டியிருக்கிறதா, துணி மொடமொடவென்று இருக்கிறதா, நாற்றம் உண்டா. அப்புறம் கேள்விகள் வரும். "இது இளநீலமா, சாம்பலா?" என் போனில் நீலம், அவர் போனில் சாம்பல். ஆகமொத்தம் மூன்று மணி நேரத்துக்குக் குறையாது. மூட்டை கட்டித் தபாலாபீஸ் போகும் நேரத்தை இதில் சேர்க்கவில்லை.

அந்த வருஷம் ஆன்லைனில் பதினான்கு குயில்ட் விற்றேன். அதாவது நாற்பத்திரண்டு மணி நேரம். ஒன்றைச் சீராக்க எனக்குச் சராசரியாக முப்பது மணி நேரம் ஆகும். விளம்பரம் எழுதிய நேரத்தில் இன்னும் ஒன்றை முடித்து, அடுத்ததைப் பாதி தைத்திருக்கலாம்.

மூன்று மணி நேரமும் எழுதிய பிறகும் ஒன்று திரும்பி வந்தது. "நினைத்ததைவிடப் பழசாக இருக்கிறது" என்று காரணம் போட்டிருந்தார் அந்த அம்மா. எண்பது வருஷம் பழையது என்று தலைப்பிலேயே எழுதியிருந்தேன். உறையைப் பிரித்தால் நாய் முடி! மறுபடி குளியல் தொட்டியில் போட்டு அலசினேன். நனைந்த குயில்ட் என்ன கனம் கனக்கும் தெரியுமா? அப்படியே தூக்கினால் பழைய தையல் அதன் எடையிலேயே விட்டுப்போகும். அடியில் ஒரு படுக்கை விரிப்பைப் போட்டு, ஆளுக்கு இரண்டு முனையாகத் தூளி மாதிரி தூக்க வேண்டும். என் கணவர் அன்று ஒன்றும் சொல்லவில்லை, முகம்தான் பேசியது.

பூத்தில் இந்த வேலை முழுவதும் ஒரு டேகில் அடங்கிவிடுகிறது. வடிவத்தின் பெயர், ஏறத்தாழ எந்தக் காலம், அளவு, விலை, கீழே ஒரு வரி: '11 துண்டுகள் அதே காலத்துத் துணியால் ஒட்டுப்போடப்பட்டவை, 3 கறைகள் உண்டு.' ஏணியில் தொங்கவிட்டால் பத்து நிமிடம். மிச்சத்தை வாங்குபவரின் கையே பார்த்துக்கொள்கிறது.

ஒரு சனிக்கிழமை பின்குஷன்களை அடுக்கிக்கொண்டிருந்தபோது நரைத்த தலை அம்மாள் ஒருவர் வந்தார். நான்தான் கடைக்காரி என்று அவருக்குத் தெரியாது. குயில்ட்டின் முன்புறத்தைப் பார்க்கவே இல்லை, நேரே திருப்பிப் பின்புறத்தைப் பார்த்தார். கட்டைவிரலால் தையல் வரிசையை நீவினார். பையிலிருந்து சின்னப் புற ஊதா டார்ச்சை எடுத்து அடித்தார். இது விஷயம் தெரிந்தவர்கள் செய்கிற சோதனை. பளிச்சென்று தெரிய இந்தக் காலத்து நூலில் சேர்க்கும் ரசாயனம் அந்த வெளிச்சத்தில் நீலமாக ஒளிரும், பழைய பருத்தி மங்கலாகக் கிடக்கும். (அந்த ரசாயனம் கலந்த சோப்பில் துவைத்திருந்தால் பழைய துணியும் ஒளிரும். அதனாலேயே நான் ஆர்வஸ் தவிர வேறு சோப்பு போடுவதில்லை.) ஓரத்தில் நான் போட்ட தையல் நீலமாக மின்னியது. எனக்குத் திக்கென்றது. அவர் டேகைப் படித்தார், ஒட்டுகளை எண்ணினார், தலையாட்டினார், மடித்து எடுத்துக்கொண்டு கல்லாவுக்குப் போய்விட்டார். பேரமும் இல்லை, கேள்வியும் இல்லை. அந்த டார்ச் வெளிச்சத்தை எத்தனை படம் எடுத்துப் போட்டாலும் ஆன்லைனில் காட்டியிருக்க முடியாது.

பூத்திலும் அடி வாங்கியிருக்கிறேன். முதலில் இருந்த மாலில் சந்தோஷமாக ஜன்னலோர இடம் பிடித்தேன். நாலு மாதத்தில் ஒரு குயில்ட் மடிப்பின் மேல்பக்கம் மட்டும் பட்டையாக வெளுத்துவிட்டது. அப்படி வெளுத்த துணிக்கு வைத்தியம் கிடையாது. 180 டாலர் சரக்கு கட்டருக்குப் போனது. இப்போது உள்மூலையில் இருக்கிறேன், நடமாட்டம் குறைவு, வெளிச்சமும் குறைவு. பதினைந்து நாளைக்கு ஒரு முறை போய் மடிப்பை மாற்றுகிறேன், இல்லாவிட்டால் மடிந்த இடத்திலேயே இழை அறுந்துபோகும். அது போக பின்குஷன்கள் காணாமல் போகின்றன. சின்னப் பொருள்களைப் பூட்டிய கண்ணாடி அலமாரியில் வைக்கலாம், அதற்குத் தனி வாடகை.

கைவினைப் பொருள்களுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. ஒரே கட்டரில் எட்டுக் காலுறை வெட்டினால் எட்டும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும், ஒரே லிஸ்டிங் போதும், தபாலும் சல்லிசு. அவற்றுக்காக எட்ஸி கடையைத் திறந்தே வைத்திருக்கிறேன். தவிர, புதிதாகச் செய்த பொருளே கூடாது என்று சொல்லும் மால்களும் உண்டு. என் இடத்தில் பழைய துணியில் செய்தவை என்பதால் விட்டார்கள், அதுவும் ஒரு அலமாரிக்கு மேல் கூடாது என்ற பேச்சோடு. வேடிக்கை என்னவென்றால், அக்டோபர் முதல் டிசம்பர் வரை அந்த ஒற்றை அலமாரிதான் வாடகையைக் கட்டுகிறது.

நான் விற்பது நூறு முதல் முந்நூறு டாலர் வரையிலான சரக்கு. ஆயிரக்கணக்கில் விலை போகும் 19-ஆம் நூற்றாண்டு குயில்ட் கையில் இருந்தால், அதைத் தேடுகிறவர் எந்த ஊரில் இருக்கிறாரோ, எங்கள் கவுன்ட்டியில் இருக்க வாய்ப்புக் குறைவு. அப்போது ஆன்லைனோ நல்ல ஏல நிறுவனமோதான் சரியாக இருக்கும் என்று நினைக்கிறேன். அப்படி ஒன்று என் கைக்கு இதுவரை வந்ததில்லை.

பூத் எடுக்கப் போகிறவர்கள் வாடகையைக் கேட்பதற்கு முன் மாலை நாலு மணிக்கு ஒரு தடவை போய், வெயில் எந்தச் சுவரில் விழுகிறது என்று பார்த்துவிட்டு வாருங்கள்.