சாட்சிக் கூண்டா, கோப்பு அறையா: வட அயர்லாந்தின் இரு வழிகள்

வட அயர்லாந்து மோதலில் அரசின் கைக்கறை படிந்த கொலைகளை விசாரிக்க பிரிட்டன் இரண்டு வழிகளைக் கையாண்டது.

முதலாவது பொது விசாரணை. 1972 ஜனவரி 30 அன்று டெரியில் ராணுவம் சுட்டு 13 பேர் மடிந்ததை ஆராய, அந்த மோதலை முடித்துவைத்த புனித வெள்ளி ஒப்பந்தத்துக்குச் சில வாரங்கள் முன்பு, 1998 ஜனவரியில் நீதிபதி சாவில் தலைமையிலான விசாரணை அறிவிக்கப்பட்டது. 900க்கும் மேற்பட்டோர் நேரில் சாட்சி சொன்னார்கள். அறிக்கை 2010இல்தான் வந்தது. செலவு சுமார் 19 கோடி பவுண்டு. அறிக்கை வெளியான அன்றே பிரதமர் கேமரன் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். ஆனால் ஒருவர் தரும் சாட்சியம் அவர்மீதே குற்ற வழக்கில் பயன்படாது என்று முன்னரே உறுதி தரப்பட்டிருந்தது. வாயைத் திறக்க வைத்த அதே உறுதி, பின்னால் வழக்குத் தொடுப்பவர்களின் கையைக் கட்டியது.

இரண்டாவது ஆவண மீளாய்வு. 1989இல் பெல்ஃபாஸ்டில் யூடிஏ என்ற பிரிட்டன் ஆதரவு ஆயுதக் குழு கொன்ற வழக்கறிஞர் பாட் ஃபினுகேன் விவகாரத்தில், மூத்த வழக்கறிஞர் டி சில்வா மீளாய்வை 2011 அக்டோபரில் தொடங்கி 2012 டிசம்பரில் முடித்தார். ரகசியக் கோப்புகள் அவருக்குத் திறந்தன. யூடிஏ குறிவைக்கப் பயன்படுத்திய தகவலில் 85 சதவீதம் பாதுகாப்புப் படைகளிடமிருந்து வந்ததென 1985இலேயே பிரிட்டனின் உள்நாட்டு உளவு அமைப்பான எம்ஐ5 கணித்திருந்தது இப்படித்தான் வெளியானது. வேகம், சிக்கனம், எல்லாம் சரி. சாட்சிகளை வரவழைக்கும் அதிகாரம் மட்டும் இல்லை. குடும்பத்தின் வழக்கறிஞர் யாரையும் குறுக்கு விசாரணை செய்ய முடியவில்லை. குடும்பம் ஏற்கவில்லை. 2019இல் பிரிட்டன் உச்ச நீதிமன்றமும் அதுவரை நடந்த விசாரணை போதாதென்றது. கடைசியில், 2024 செப்டம்பரில், பொது விசாரணையே அறிவிக்கப்பட்டது.

மிச்சம் பிடித்த காலமெல்லாம் வட்டியோடு போயிற்று. கோப்பாய்வை முதல் கட்டமாக வைத்துக்கொள்ளலாம், மாற்றாக அல்ல.