ஹீலியோஸ் 44-2: வெயிலும் பூக்களும்

சோவியத் காலத்து ஹீலியோஸ் 44-2 லென்ஸைச் சில வருடங்களாகப் பூப்படங்களுக்கென்றே வைத்திருக்கிறேன். குவியத்தூரம் 58 மி.மீ., முழுத் திறப்பு எஃப் 2. ஜெர்மனியின் ஸைஸ் நிறுவனத்தின் பயோட்டார் லென்ஸை ஒட்டி மாஸ்கோ அருகே க்ராஸ்னகோர்ஸ்க் ஆலையில் செய்யத் தொடங்கியது. கேமராவில் திருகி மாட்டும் எம்42 மவுண்ட் என்பதால் மலிவான அடாப்டர் போட்டால் மிரர்லெஸ் கேமராவில் உட்கார்ந்துவிடும்.

பின்னணி சுழல்வது போல வரும் அந்த பொக்கேக்காகத்தான் (ஃபோகஸில் இல்லாத பகுதியின் மங்கல்) பலரும் இதை வாங்குகிறார்கள். அது தானாக வராது. லென்ஸுக்குள் ஒளி புகும் துளையான அபெர்ச்சர் முழுதாகத் திறந்திருக்க வேண்டும்; பூவுக்குச் சில மீட்டர் பின்னால் இலை இடுக்கில் வெயில் பொட்டுப் பொட்டாகத் தெரிய வேண்டும். அதற்கு முருங்கை மரத்தை மிஞ்ச எதுவும் இல்லை. சின்ன சென்சார் உள்ள ஏபிஎஸ்-சி கேமராவில் ஓரங்கள் வெட்டுப்படுவதால் சுழல் நன்றாகவே குறைந்துவிடும்.

உச்சி வெயில் இதற்கு ஒத்துவராது. ஐ.எஸ்.ஓ (ஒளியுணர்திறன்) 100, எஃப் 2 என்றால் ஷட்டர் 1/6400 நொடி கேட்கும். என் கேமரா 1/4000-உடன் நின்றுவிடுகிறது. அபெர்ச்சரைச் சுருக்கி எஃப் 2.8-க்குப் போனால் வெளிச்சம் சரியாகும், ஆனால் சுழல் அடங்கி, வெயில் பொட்டெல்லாம் எண்கோணமாகிவிடும். ஆகவே காலை எட்டு மணிக்குள் எடுப்பதுதான் நல்லது. சாய்வெயில் பின்னாலிருந்து வரும்போது செம்பருத்தி இதழின் நரம்புகள் ஒவ்வொன்றாகத் தெரியும், அடியில் உள்ள கருஞ்சிவப்பு மெல்ல வெளிறிக்கொண்டே விளிம்புவரை போகும். இந்த லென்ஸ் அதை அவ்வளவு மென்மையாகக் காட்டுகிறது! கேமரா காட்டும் வெளிச்ச வரைபடமான ஹிஸ்டோகிராமில் சிவப்பை மட்டும் தனியாகப் பாருங்கள். அது வலது ஓரத்தில் முட்டினால் இதழ் வெறும் சிவப்புத் திட்டாகிவிடும். நான் எப்போதும் வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைத்தே எடுக்கிறேன்.

கண்ணாடி மேலுள்ள, ஒளிச் சிதறலைக் குறைக்கும் கோட்டிங் பழையது. சூரியன் ஃப்ரேமின் ஓரத்தை ஒட்டி வந்தாலே படம் வெளுத்துப்போகும். அந்த வெளுப்பை விரும்புகிறவர்கள் உண்டு; சங்குப்பூவின் நீலத்தைக் கரைத்துவிடுவதால் எனக்கு அது பிடிப்பதில்லை. லென்ஸின் முன்னால் மாட்டி வெயிலை மறைக்கும் 49 மி.மீ. ரப்பர் ஹூட் போதும், சூரியன் தாழ்ந்திருந்தால் இடது கையால் மறைத்துக்கொள்வேன்.

அரை மீட்டருக்கு உள்ளே ஃபோகஸ் ஆகாது. ஆவாரம்பூ மாதிரி சின்னப் பூவுக்கு லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவே மாட்டும் எக்ஸ்டென்ஷன் ட்யூப் வேண்டும். அப்புறம் ஃபோகஸ் ரிங்கைத் திருகுவதைவிட உடம்பை லேசாக முன்னும் பின்னும் அசைப்பதே எளிது.

வாங்கும்போது டார்ச் அடித்துப் பாருங்கள். கண்ணாடிக்குள் சிலந்தி வலை மாதிரி இழை தெரிந்தால் அது பூஞ்சை. எவ்வளவு விலை குறைத்தாலும் வேண்டாம், நம் ஊர் ஈரத்தில் அது இன்னும் பரவும்.