கோடைக்கான உடற்பயிற்சிச் செயலி: பன்னிரண்டு வாரப் பயன்பாட்டுக்குப் பின்

குளிர்ந்த மாதங்களில் ஒழுங்காக நடந்த உடற்பயிற்சியும் உணவு முறையும் வெயில் ஏறியதும் குலைந்துபோவது எனக்குப் பல ஆண்டுகளாக வழக்கமாகிவிட்டது. அதனால் இந்தக் கோடையின் தொடக்கத்தில், வெப்பக் காலத்துக்கென்றே வகுக்கப்பட்ட பன்னிரண்டு வாரத் திட்டம் ஒன்றைத் தரும் கைப்பேசிச் செயலிக்குச் சந்தா கட்டினேன். குறைகளையும் எழுத வேண்டியிருப்பதால் அதன் பெயரைத் தவிர்க்கிறேன். இத்தகைய சேவைக்குப் பணம் கட்டும் எண்ணத்தில் இருப்பவர்கள் எதைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதை என் அனுபவத்திலிருந்து சொல்ல முடியும்.

இத்திட்டத்தின் ஆகச் சிறந்த பகுதி முதல் இரண்டு வாரங்கள்தான். நாள்தோறும் ஒரு மணி நேரம் வேகமாக நடந்து பழகிய என்னை, முதல் நாள் இருபது நிமிடம் மெதுவாக நடந்தால் போதும் என்று சொன்னபோது எனக்கு எரிச்சலாகவே இருந்தது. ஆனால் அதற்கான காரணத்தைச் செயலி தெளிவாக விளக்கியிருந்தது. உடல் வெப்பத்துக்குப் பழகுவதற்குப் பொதுவாக 7 முதல் 14 நாட்கள் ஆகும். அந்த நாட்களில் இரத்தத்தின் நீர்ப்பகுதி கூடுகிறது, வியர்வை முன்னதாகவே சுரக்கத் தொடங்குகிறது, அதில் வெளியேறும் உப்பின் அளவும் குறைகிறது. இந்த மாற்றங்கள் நிகழ்வதற்கு முன்பே பழைய வேகத்தில் பயிற்சி செய்தால், தோலுக்கும் தசைக்கும் ஒரே நேரத்தில் இரத்தம் அனுப்ப வேண்டிய இதயத்துக்குச் சுமை கூடிவிடும். இதை நான் என் மணிக்கட்டுக் கருவியிலேயே கண்டேன்: ஒரே பாதையில், ஒரே வேகத்தில் நடந்தபோது முதல் வாரத்தில் நிமிடத்துக்கு 128 ஆக இருந்த துடிப்பு, மூன்றாம் வாரத்தில் 116 ஆக இறங்கியிருந்தது. வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடற்பயிற்சி என்ற உலக சுகாதார நிறுவனத்தின் அளவை நான்காம் வாரத்தில்தான் எட்டினேன். அந்தத் தாமதம் எனக்கு நன்மையையே செய்தது.

அடுத்துப் பாராட்ட வேண்டியது, வியர்வையை அளக்கக் கற்றுக்கொடுத்த விதம். நடைக்கு முன் எடை பார்த்துக்கொள்ள வேண்டும்; திரும்பியதும் வியர்வையைத் துடைத்துவிட்டு மீண்டும் பார்க்க வேண்டும்; குறைந்த எடையோடு இடையில் குடித்த நீரைக் கூட்டினால் இழந்த வியர்வையின் அளவு ஏறத்தாழக் கிடைத்துவிடும். ஒரு காலையில் என் எடை 71.4 கிலோவிலிருந்து 70.9 ஆகக் குறைந்திருந்தது. வழியில் 200 மில்லி குடித்திருந்தேன். ஆக, நாற்பத்தைந்து நிமிடத்தில் 700 மில்லி வெளியேறியிருக்கிறது. நான் அதிகம் வியர்க்காதவன் என்று அதுவரை உறுதியாக நம்பிக்கொண்டிருந்தேன். உடல் எடையில் இரண்டு விழுக்காட்டுக்கு மேல் நீர் குறைந்தால் உழைக்கும் திறன் சரியத் தொடங்கும் என்பதால், என்னைப் போன்ற எடையுள்ளவருக்கு எல்லை ஏறத்தாழ 1.4 லிட்டர் என்பதும் அந்தக் கணக்கில் புரிந்தது.

இவ்வளவு நன்றாக அளக்கச் சொல்லிக்கொடுத்த அதே செயலி, எல்லாருக்கும் ஒரே அளவாக நாளுக்கு நான்கு லிட்டர் தண்ணீர் என்று இலக்கு வைத்து, மணிக்கொரு முறை அறிவிப்பும் அனுப்பிக்கொண்டிருந்ததை என்னால் ஏற்க முடியவில்லை. வீட்டுக்குள்ளேயே இருந்த நாளிலும் அதே நான்கு லிட்டர்தான். தேவைக்கு மிக அதிகமாக, குறுகிய நேரத்தில் தண்ணீர் குடித்தால் இரத்தத்தில் சோடியம் ஆபத்தான அளவுக்கு நீர்த்துப்போகக்கூடும் என்ற எச்சரிக்கை எங்குமே இல்லை. வாடிக்கையாளர் சேவைக்கு எழுதியபோது, கேட்ட கேள்விக்குத் தொடர்பில்லாத ஆயத்தப் பதில் ஒன்றே வந்தது.

உணவுப் பகுதி நடுத்தரமானது. வெப்பத்தில் பசி மந்தமாகும் என்பதால் கனமான வேளையை வெயில் ஏறுவதற்கு முன்போ தாழ்ந்த பின்போ வைத்துக்கொள்ளச் சொன்னதும், புரதத்தை ஒரே வேளையில் குவிக்காமல் பிரித்து உண்ணச் சொன்னதும் எனக்குப் பலன் தந்தன. குளிர்பானங்களைப் பற்றிய பகுதி இன்னும் உதவியது: 330 மில்லி கோலா வகைப் பானத்தில் ஏறத்தாழ 35 கிராம் சர்க்கரை இருக்கிறது, பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் சேர்க்கப்பட்ட சர்க்கரை இருப்பது நல்லது என்ற பரிந்துரையை அந்த ஒரே பானம் தாண்டிவிடும். அதைப் படித்த பின் தாகத்துக்குத் தண்ணீரையே எடுக்கத் தொடங்கினேன். ஆனால் சமைத்த உணவை வெளியில் எவ்வளவு நேரம் வைக்கலாம் என்பதைச் செயலி சொல்லவே இல்லை. வழக்கமாக இரண்டு மணி நேரம், 32 டிகிரி செல்சியசுக்கு மேல் என்றால் ஒரு மணி நேரம் மட்டுமே என்பது, உணவைக் கட்டி எடுத்துச் செல்பவர்களுக்குக் கலோரிக் கணக்கைவிட முக்கியமான செய்தி.

பெரிய குறை, செயலி வெப்பநிலையை மட்டும் பார்த்து அனுமதி தருவதுதான். ஒரு விடியற்காலையில் 29 டிகிரி என்று பச்சைக் குறி காட்டியதை நம்பிப் புறப்பட்டேன். காற்றில் ஈரம் மிகுந்திருந்தது. வியர்வை ஆவியாகும்போதுதான் உடல் குளிர்கிறது. அன்று அது ஆவியாகாமல் முழங்கையிலிருந்து சொட்டிக்கொண்டே இருந்தது. இருபத்தைந்தாவது நிமிடத்தில் தலை சுற்றியது. நிழலில் உட்கார்ந்து, கழுத்தை நனைத்து, அரை மணி நேரம் கழித்தே எழுந்தேன். ஈரப்பதத்தைக் கணக்கில் எடுக்காத எந்தக் கோடைத் திட்டத்தையும் முழுதாக நம்பக் கூடாது என்பதை அன்று என் உடம்பிலேயே அறிந்தேன்.

இவ்வளவுக்குப் பிறகும் அடுத்த கோடைக்கு என் சந்தாவைப் புதுப்பிக்கவே எண்ணியிருக்கிறேன். தண்ணீர் அறிவிப்பை நிறுத்திவிட்டு, ஈரப்பதத்தை நானே பார்த்துக்கொண்டால் மற்றவை எனக்குப் போதுமானவை. என் தாயாருக்கு மட்டும் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். இரத்த அழுத்தத்துக்காக அவர் உட்கொள்வது உடலின் நீரை வெளியேற்றும் மாத்திரை. இந்தச் செயலியோ, பதிவு செய்யும்போது வயதையும் எடையையும் கேட்கிறதே தவிர, என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று ஓரிடத்திலும் கேட்பதில்லை.